மூன்றாம் திருத்தத்தில் கை நின்றுபோனால்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். 1962 முதல் 2012 வரை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதி, இரண்டு முறை திருத்திவிட்டேன். மூன்றாம் திருத்தத்தில் பதினொன்றாம் அத்தியாயத்தோடு நிற்கிறேன். இரண்டாம் திருத்தத்திலும் அங்கே கொஞ்ச நாள் நின்றேன். இப்போது கோப்பைத் திறந்தாலே அலுப்பு வருகிறது. இதை அப்படியே வைத்துவிட்டு, மனதில் இருக்கும் அடுத்த நாவலைத் தொடங்கிவிடலாமா? மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் முன்னுரை கேட்டால் உற்சாகம் திரும்புமா, ஐயா? கதைச்சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொண்டு நான்கு வரி எழுதியிருந்தீர்கள். அந்த நான்கு வரியையும் மேலே வெட்டிவிட்டேன். சோம்பேறியால் ஐம்பது ஆண்டுக் கதையை எழுதி முடிக்க முடியாது. முடித்ததை இரண்டு முறை திருத்தவும் முடியாது.

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நெடுங்காலமாகப் பிறர் எழுத்தைப் பார்த்துக்கொடுக்கிறவன் நான். இந்தக் கட்டத்தில் கை நின்றுபோகாத நாவலாசிரியரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. முதல் வரைவை எழுதும்போது அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே பாதிதான் தெரியும். அந்த ஆவல்தான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்களை மேசைக்கு இழுத்து வந்தது. இரண்டாம் திருத்தத்திலும் கண்டுபிடிக்க ஏதோ மிச்சமிருந்தது: யாரை முன்னால் கொண்டுவருவது, யாரைக் கழிப்பது. மூன்றாம் முறை எல்லாம் தெரிந்த கதை. கண் எழுத்தின் மேல் ஓடுகிறது, மனம் நினைவிலிருந்து படிக்கிறது. அதனால் பிழையும் கண்ணில் படாது, நல்ல வரி எதிர்ப்பட்டாலும் மகிழ்ச்சி வராது. ஆவல் தீர்ந்த இடத்தில் மன உறுதியை வைத்து ஓட்டப் பார்க்கிறீர்கள். பத்து அத்தியாயம் ஓடியதே பெரிது.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை இந்த வடிவத்தில் வரவில்லை. நம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை தன் வார இதழில் தொடராக எழுதினார். வாரம் பிறந்தால் அச்சகம் கேட்கும். அலுப்பாக இருக்கிறது என்று அச்சகத்திடம் சொல்ல முடியாது. தொடர்கதைகளில் கூறியது கூறல் மலிந்திருப்பதற்கும் அந்த அவசரமே காரணம் என்பது வேறு கதை. ஆனால் நாவல் முடிந்தது. உங்களுக்குக் கெடு வைக்க யாரும் இல்லை. நீங்களே எழுதி, நீங்களே திருத்தி, நீங்களே அலுத்துப்போகிறீர்கள். கெடுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பதினொன்றாம் அத்தியாயம். இரண்டாம் திருத்தத்திலும் அங்கேதான் நின்றதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். எங்கே வேண்டுமானாலும் அலுப்புத் தட்டினால் அது உங்கள் களைப்பு. இரண்டு முறையும் ஒரே இடத்தில் தட்டினால் கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது. சுருக்கத்தின்படி அந்த அத்தியாயம் முழுவதும் தாத்தாவின் குத்தகை வழக்கு: மனு, வாய்தா, வக்கீல், மறுபடியும் வாய்தா. இதைச் சேகரிக்க நிறைய உழைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது. உழைத்துச் சேகரித்ததைக் கழிக்க யாருக்கும் மனம் வராது. அதனால் அத்தியாயம் உங்களுக்காக அங்கே இருக்கிறது, கதைக்காக இல்லை என்று சந்தேகப்படுகிறேன்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் இல்லாத எது அதன் முடிவில் வந்திருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “தாத்தா வழக்கில் தோற்கிறார்” என்பது போதாது, அது செய்தி. தோற்ற பிறகு மகனிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறாரா? பாட்டியின் நகை போய்விட்டதா? அப்படி ஒரு வாக்கியம் அமையவில்லை என்றால் அத்தியாயத்தை அப்படியே வெட்டி வேறு கோப்பில் போட்டுவிட்டு, பத்தையும் பன்னிரண்டையும் தொடர்ந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்று தோன்றினால் விஷயம் முடிந்தது. ஏதோ குறைகிறது என்றால், அந்த ஏதோவை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதிச் செருகுங்கள். வழக்கின் மிச்சம் வேறு கோப்பில் பத்திரமாக இருக்கும். யாரும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.

இப்போது அலுப்புக்கு வருகிறேன். உற்சாகம் என்பது உட்கார்ந்து வரவழைக்கிற பொருள் இல்லை. நாவலுக்குள் உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று மீண்டும் முளைத்தால் அது தானாக வரும். மூன்றாம் திருத்தத்தில் அப்படிப்பட்ட கேள்வி எங்கே கிடைக்கும்? காலமும் இடமும் சரிதானா என்று பார்க்கிற வேலையில் கிடைக்கும். இதைக் கடைசியில் செய்யும் குமாஸ்தா வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில் செத்துக்கிடந்த திருத்தத்துக்கு உயிர் கொடுத்தது பெரும்பாலும் இந்த வேலைதான்.

உங்கள் சுருக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கடைசிக் காட்சி 2012 ஆடிப்பெருக்கு. வெண்ணாறு கரைபுரண்டு ஓட, பேத்தி படித்துறையில் இறங்கி விளக்கை நீரில் விடுகிறாள். வெண்ணாற்றுக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை அந்த ஆண்டு திறந்தது செப்டம்பர் 17. ஆடிப்பெருக்கு வருவதோ ஆகஸ்ட் தொடக்கத்தில். குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் போன அந்த ஆண்டில், நீடாமங்கலத்து வெண்ணாறு ஆடி பதினெட்டில் கரைபுரண்டிருக்க வாய்ப்பே இல்லை. அணை திறக்க ஜூன் 12 என்பது வழக்கமான நாள் மட்டுமே. 2011இல் ஜூன் 6ஆம் தேதியே திறந்தார்கள். 2018இல் ஜூலை 19. 2019இல் ஆகஸ்ட் 13. 2022இல் மே 24. டெல்டாவில் எந்த ஆண்டு என்று எழுதிவிட்டால் அந்த ஆண்டின் தண்ணீருக்கும் நீங்கள் பொறுப்பு. திருத்துறைப்பூண்டியில் கடைமடை விவசாயி ஒருவர் உங்கள் நாவலைப் படித்தால் முதலில் இதைத்தான் பிடிப்பார். மற்ற நானூறு பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

இரண்டு வழி உண்டு. கதையை 2011இல் முடித்துவிடலாம். ஓர் எண்ணை மாற்றினால் போதும். அல்லது 2012ஐயே வைத்துக்கொண்டு, வறண்ட ஆற்றில் அந்தக் காட்சியை எழுதலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆற்றில் மணல் தெரிகிறது. படித்துறையின் கடைசிப் படிக்கும் கீழே இறங்கி நடக்க முடிகிறது. தண்ணீர் வராத ஆண்டுகளில் பெண்கள் அடிகுழாயிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் பிடித்து ஆடிப்பெருக்கைக் கொண்டாடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் பேத்தி அந்த வரிசையில் நிற்பாளா? குடத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்குவாளா? விளக்கை எதில் விடுவாள்? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இந்த நொடி வரை தெரியாது. இதைப் படிக்கும்போதே மனதுக்குள் ஒரு வரி ஓடியிருந்தால், செத்துவிட்டதாக நீங்கள் சொன்ன உற்சாகம் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கண்ணோடு முதல் பக்கத்திலிருந்து வாருங்கள். 1962இல் டீக்கடையில் காசு கொடுக்கிறவர் நயா பைசா என்றுதான் சொல்வார். 1964இல்தான் அந்த ‘நயா’ உதிர்ந்தது. அதே 1962இல் யாராவது ஐ.ஆர்.8 நெல் நட்டால் தவறு. அந்த ரகம் வெளிவந்ததே 1966இல். 1991க்கு முன்னால் உங்கள் ஊருக்கு வரும் கடித உறையில் தஞ்சாவூர் மாவட்டம் என்றுதான் இருக்கும். திருவாரூர் மாவட்டம் பிறந்தது 1997. எழுபதுகளில் நின்றுபோன நீடாமங்கலம் – மன்னார்குடி ரயில் 2011இல்தான் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் உங்கள் பாத்திரம் யாரும் அதில் ஏறக் கூடாது. இரண்டாம் அத்தியாயத்தில் குடும்பத்துக்கு மூன்று வேலி நிலம், பதினான்காம் அத்தியாயத்தில் ‘இருந்த நாற்பது மாவும்’ என்று சுருக்கம் சொல்கிறது. வேலிக்கு இருபது மா. மூன்று வேலி என்றால் அறுபது. மீதி இருபது மா எங்கே போயிற்று? வழக்கில் போயிற்று என்றால், பாருங்கள், பதினொன்றாம் அத்தியாயத்துக்கு வேண்டிய அந்த ஒற்றை வாக்கியம் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைப் பற்றிச் சுருக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால் சரி. விட்டுப்போயிருந்தால், உங்கள் சங்கத்துக்கு நகைக் கடனுக்கும் பயிர்க் கடனுக்கும் வருகிறவர்களில் எழுபதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள். அந்த இரவு எந்த வீட்டுக்குள் ஒதுங்கினார்கள், மாட்டை அவிழ்த்துவிட்டார்களா, மறுநாள் அடுப்பு எதில் எரிந்தது என்று கேளுங்கள். உங்கள் வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கும் வசதி சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற எவருக்கும் கிடைக்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கேட்டதையெல்லாம் நாவலுக்குள் கொட்டாதீர்கள். பதினொன்றாம் அத்தியாயம் அப்படித்தான் உருவானது என்று நினைக்கிறேன்.

அடுத்து, வாய்விட்டுப் படிப்பது. அச்செடுத்துப் படியுங்கள், திரையில் வேண்டாம். திரையில் பார்த்துப் பழகிய வரி தாளில் வேறு இடத்தில் மடங்கும்போது கண் விழித்துக்கொள்ளும். தனியாகப் படிக்கக் கூச்சமாக இருந்தால் கைபேசியில் தமிழ் வாசிப்புக் குரல் இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தாளில் பென்சிலோடு பின்தொடருங்கள். அந்தக் குரலுக்கு உணர்ச்சி கிடையாது. நமக்கு வேண்டியதும் அதுதான்: நீங்கள் மனதுக்குள் போட்டுக்கொள்கிற ஏற்ற இறக்கமெல்லாம் வரியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: “அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, வயலை நோக்கி நடந்தார்.” வாய்விட்டுப் படித்தால் செருப்பு மாட்டும்போதே உங்களுக்கு மூச்சு முட்டும். எச்சங்களைச் சங்கிலியாகக் கோக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது; அதற்காக மனிதர் வயலுக்குப் போகும்போதெல்லாம் ஏழு எச்சம் வேண்டாம். “துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார்” என்றால் அந்த மனிதர் தெரிகிறார். பெருமூச்சைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை: கணினியில் ‘பெருமூச்சு’ என்று தேடிப் பாருங்கள். வருகிற எண்ணிக்கை உங்களைச் சிரிக்க வைக்கும். தமிழ் நாவல் பாத்திரங்களுக்கு ஏனோ நுரையீரல் பெரிது.

பேச்சுப் பகுதிகளை மட்டும் தனியாக ஒரு முறை படியுங்கள். மிராசுதாரும் பண்ணையாளும் அக்ரகாரத்துப் பாட்டியும் ஒரே மாதிரி பேசினால், பெயரை மறைத்துவிட்டுப் படிக்கும்போது யார் பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியாது. முன்னிலைச் சொற்களையும் கவனியுங்கள். 1962இல் ‘நீ’ என்று அழைக்கப்பட்டவரின் பேரனை 2012இல் அதே வீட்டுக்காரர் எப்படி அழைக்கிறார்? உங்கள் நாவலின் ஐம்பது ஆண்டும் அந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் கடைசிதான். அத்தியாயம் இருக்கப்போகிறதா போகப்போகிறதா என்று தெரியாதபோது அதில் வல்லினம் மிகுமா மிகாதா என்று மண்டையை உடைப்பது வீண் வேலை. உங்கள் அலுப்பில் பாதி இதனால் வந்ததோ என்றுகூட நினைக்கிறேன். வாணி, நாவி போன்ற திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. முதல் முறை பிழை பொறுக்க உதவும், தீர்ப்புக்கு உதவாது. ரயிலா இரயிலா, கோயிலா கோவிலா என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டு, ஒரே மாதிரி மாற்றிக்கொண்டு போங்கள். மூளை களைத்த மாலைகளுக்கு உகந்த வேலை.

ஒரு முறை போகும்போது ஒன்றைத்தான் தேட வேண்டும். காலக்கணக்கைப் பார்க்கும்போது சந்தியைத் தொடாதீர்கள்; பேச்சைக் கேட்கும்போது ஆண்டைப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கப்போனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள் கோப்பைத் திறக்கவே கை வராது.

இனிக் கெடு. தமிழ்ப் பதிப்புலகத்தின் நாட்காட்டி ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1977இல் தொடங்கியதிலிருந்து அதன் பிடி இறுகிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஐப்பசி தாண்டினால் பக்கம் வடிவமைப்பவர், அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துபவர், அட்டை போடுபவர் எல்லோரும் கழுத்துவரை வேலையில் இருப்பார்கள். பிரதியைப் புரட்டாசிக்குள் கொடுப்பதாகப் பதிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பதிப்பாளர் இன்னும் அமையவில்லை என்றால் பக்கம் வடிவமைக்கிறவரிடம் தேதி பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பணம் கைமாறிய தேதிக்கு இருக்கிற மரியாதை மனதுக்குள் வைத்துக்கொண்ட தேதிக்குக் கிடையாது. கடன் சங்கத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில மாதம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு எடு என்று சொல்வார்கள். முதல் வரைவுக்கு அது நல்ல யோசனை. மூன்றாம் திருத்தத்தின் நடுவில், சிக்கலை அவிழ்க்காமல் பூட்டிய பிரதிகள் பெட்டியிலேயே தங்கிவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பத்து நாள் விடுங்கள், போதும்.

அடுத்த நாவலைத் தொடங்க வேண்டாம். இன்னும் எழுதப்படாத நாவலில் பதினொன்றாம் அத்தியாயம் கிடையாது; அதனால் அது அழகாகத் தெரிகிறது. தோன்றுவதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அத்தியாயமாக மட்டும் எழுத உட்காராதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுவும் இதே நோயின் மறுபக்கம். கதிர் முற்றியதும் வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்கள். பாசத்தில் மேலும் பாய்ச்சினால் பயிர் சாய்ந்துவிடும். நேற்று எடுத்த காற்புள்ளியை இன்று திரும்ப வைக்கிறீர்கள் என்றால் வடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பக்கம் வடிவமைத்த பிறகு மெய்ப்பில் பிழை மட்டும்தான். புதிய பத்தியைச் செருகினால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் நகரும், வடிவமைப்பாளரோடு மனஸ்தாபமும் வரும்.

முன்னுரை இப்போது வேண்டாம். அந்த மூத்தவர் பாராட்டிவிட்டால் வழக்கு அத்தியாயத்தில் நீங்கள் கை வைக்க மாட்டீர்கள். குறை சொல்லிவிட்டால் நாவலையே தொட மாட்டீர்கள். மெய்ப்பு கைக்கு வந்த பிறகு கேளுங்கள், படிப்பதற்கு அவருக்கும் ஒரு மாதமாவது கொடுங்கள். அதற்குப் பதிலாக, எழுத்தாளர் அல்லாத, நாவல் படிக்கிற பழக்கம் உள்ள ஒருவரிடம் அச்செடுத்த பிரதியைக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்தெந்தப் பக்கத்தில் கீழே வைத்தார் என்று மட்டும் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பதினொன்றில்தான் வைத்தார் என்றால் எனக்கு எழுத வேண்டாம், வெட்டிவிடுங்கள். வேறு எங்காவது என்றால் அந்தப் பக்கங்களை மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.